சத்திரத்து நூலகமும் என் கையெழுத்தும்

உத்திரமேரூரில் எதைப் பற்றிப் பேசச் சொன்னாலும் குடவோலையில்தான் ஆரம்பிப்பார்கள். பஸ் ஸ்டாண்டு திறப்பு விழாவானாலும் சரி, பல் ஆஸ்பத்திரி திறப்பு விழாவானாலும் சரி, மைக்கைப் பிடித்தவர் ஆயிரம் வருஷம் பின்னால் போய்க் கோயில் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார். அதனால், நூலகக் கட்டடத்தின் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு எழுதித் தரும்படி வாசகர் வட்டத்தார் என்னைக் கேட்டபோது, குடவோலை கிடையாது என்றால்தான் எழுதுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ரிட்டயர் ஆன தமிழ் டீச்சரிடம் யார் மல்லுக்கு நிற்பார்கள்? "நீங்க எப்டி எழுதினாலும் சரி டீச்சர். ஒங்க கைல எழுதினா அது தனியா தெரியும்" என்றார் வட்டத்தின் செயலாளர். கட்டடத்தைப் பழுது பார்த்து, தளத்துக்குப் புது ஓடு பதித்து, மறுபடியும் திறக்கப் போகிறார்கள். வாசலில் ஒரு பலகையில் வரலாறு இருக்க வேண்டுமாம்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. வரலாறு எழுதுகிறேன் என்று சொன்னால் பழைய காகிதக் கட்டுகளைப் புரட்ட விடுவார்கள். அந்தக் கட்டுகளுக்குள் எங்கோ நான் பதினேழு வயதில் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, யார் கண்ணிலும் படாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். ஊர் நினைத்தது டீச்சர் ஆராய்ச்சி செய்யப் போகிறார் என்று. நான் போனது ஒரு தாளைத் திருட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு என்னைப் பற்றி யாரும் ஏமாற்றமடைய வேண்டாம்.

முதலில் கட்டடம். அது நூலகத்துக்கென்று கட்டியதல்ல, சத்திரம். காஞ்சிபுரத்துக்கும் வந்தவாசிக்கும் மாட்டு வண்டி கட்டிப் போகிறவர்கள் இறங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் போக ஒரு வியாபாரிக் குடும்பம் கட்டிவைத்தது. வண்டி போய் பஸ் வந்ததும் சத்திரத்தில் தங்க ஆளில்லை. உள்ளூர் வாத்தியார்கள் சிலர் சேர்ந்து முன்கூடத்தில் ஒரு பெஞ்சு போட்டு, இரண்டு செய்தித்தாள் வரவழைத்தார்கள். அவர்களில் ஒருவர் தன் வீட்டு அலமாரியைப் புத்தகங்களோடு தூக்கிவந்து வைத்தாராம். வீட்டில் அதற்காக என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ தெரியாது. பிற்பாடு அரசாங்கம் எடுத்துக்கொண்டு 'கிளை நூலகம்' என்று போர்டு மாட்டியது.

சத்திரத்துச் சமையலறை சிறுவர் பகுதியானது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் ஒரு மழைக்காலம் போனால் அடுப்புப் புகை சுவரில் மறுபடி தலைகாட்டும். அரிசி மூட்டை அடுக்கிய ஜன்னலில்லாத அறையில் பழைய பதிவேடுகளைப் போட்டார்கள். இன்றுவரை அதற்கு மூட்டை ரூம் என்றுதான் பெயர். வண்டி மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி பின்பக்கம் அப்படியே இருக்கிறது. அதில் இப்போது மாப்பு அலசுகிறார்கள்.

இதில் பாதிக்கு மேல் அவள் எனக்குச் சொன்னது. அவள் என்றால், நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் பகுதிநேரப் பணியாளர். என் வயதுதான். எனக்குப் பென்ஷன் வருகிறது, அவளுக்கு ஓய்வே கிடையாது. நாங்கள் இருவரும் மாகறலுக்குப் பக்கத்தில் செய்யாற்றங்கரையில் ஒரே ஊர்க்காரர்கள். எங்கள் வீடு பெரிய தெருவில். அவள் வீடு காலனியில். அவள் அம்மா எங்கள் கழனியில் நடவுக்கும் களையெடுக்கவும் வருகிறவர். அந்தக் கடிதம் அவளைப் பற்றியது.

நான் உத்திரமேரூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. அவள் பத்தாவது முடித்துவிட்டு, சர்க்கார் வேலைக்கான பரீட்சை எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கான கைடுகள் நூலகத்தில் இருந்தன. யாரும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமானால் உறுப்பினராக வேண்டும். உறுப்பினராக, வீட்டு வரி கட்டுகிறவரோ உத்தியோகத்தில் இருக்கிறவரோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். காலனியில் அப்போது வரி ரசீது உள்ள வீடு ஒன்றுகூட இல்லை. (அந்தக் காலத்துச் சபைக்கு நிற்கவும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும் என்று கோயில் சுவரிலேயே வெட்டியிருக்கிறது. திறப்பு விழா மைக்கில் இதை யாரும் சொல்வதில்லை. பாருங்கள், கடைசியில் நானும் குடவோலைக்கு வந்துவிட்டேன்.)

ஆகவே அவள் அம்மா படிவத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் களத்துக்கு வந்தார். என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மே, லைப்ரரிக்கு எதுக்குப் போவுது ஒம் பொண்ணு?"

"பரிச்ச எழுதப் போவுதாம் ஆண்டே. ஒரு கையெய்த்து போட்டீங்கன்னா..."

"போடறேன். புக்கு தொலஞ்சா எம்பேருதான் கெடும். தெரிஞ்சிக்கோ."

கையெழுத்துப் போட்டார். நைனா கெட்டவர் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டதை அந்த வாரம் முழுக்கப் பத்துப் பேரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஒரு உறுப்பினருக்கு இரண்டு டிக்கெட் கொடுப்பார்கள். கெட்டி அட்டையில் சின்னப் பை போல இருக்கும். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு புத்தகம். எனக்கும் இரண்டு டிக்கெட் இருந்தது. ஆனால் நான் கதைப் புத்தகங்களைத் தின்றுகொண்டிருந்த காலம். எனக்கு இரண்டு போதவில்லை. அவளிடம் போய், "ஒன்னோடதுல ஒரு டிக்கெட்ட எனக்குக் குடு" என்று கேட்டேன். கேட்டேன் என்பது பொய். எடுத்துக்கொண்டேன். எங்கள் நைனா கையெழுத்தில் கிடைத்த டிக்கெட், அதில் எனக்குப் பங்கில்லையா என்பது என் நினைப்பு. வாரத்துக்கு நிலம் விட்டவர்கள் அறுப்பு முடிந்ததும் களத்தில் வந்து நின்று தங்கள் பங்கை அளந்துகொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவள் மீதியிருந்த ஒரு டிக்கெட்டில் கைடை எடுத்துப் போய், காலனித் தெருவிளக்கில் நோட்டில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுப்பாள்.

எங்கள் வீட்டில் கதைப் புத்தகம் தடை. பெண் கெட்டுப்போவதற்கு நைனா வைத்திருந்த பட்டியலில் அதுதான் முதலில் வரும். அத்தை மகன் ஒருவன் வேறு மாப்பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாக ஒரு தடவை மாட்டினால் பரீட்சையும் கிடையாது, காலேஜும் கிடையாது, தை மாதம் கல்யாணம். ஆகவே பம்பு செட்டுத் தொட்டியின் மேல் உட்கார்ந்து படிப்பேன். பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கும் வழக்கம் எல்லோருக்கும் உண்டு. என்னுடைய கதைப் புத்தகங்கள் பாடப் புத்தகத்தைவிட இரண்டு மடங்கு தடிமன்.

ஒரு நாள் கரண்ட் இல்லை. தொட்டி காலி. தூரத்தில் நைனாவின் குரல் கேட்டதும் புத்தகத்தைக் காலித் தொட்டிக்குள் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக நின்றேன். அவர் என்னை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். வீட்டுக்குள் நுழையும்போது கரண்ட் வந்தது. மோட்டார் ஓடும் சத்தம் இங்கேவரை கேட்டது. மறுநாள் போய் எடுத்தபோது புத்தகம் ஊறிப் பிய்ந்து கையோடு வந்தது. வெயிலில் காயவைக்கவும் பயம். எருக்குழியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன். அது அவள் டிக்கெட்டில் எடுத்த புத்தகம்.

என் டிக்கெட்டாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அழுது அம்மாவின் காலைப் பிடித்து எப்படியாவது சமாளித்திருப்பேன். அவள் டிக்கெட் என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

தவணை தாண்டினால் நூலகத்திலிருந்து ஜாமீன்தாரருக்குக் கார்டு வரும். முதல் இரண்டு கார்டுகளைத் தபால்காரர் என்னிடமே கொடுத்தார், கிழித்துப் போட்டேன். மூன்றாவதை அவர் டீக்கடையில் வைத்து நைனாவிடமே கொடுத்துவிட்டார். நாலு பேர் முன்னால். நைனா அதை எடுத்துக்கொண்டு நேரே களத்துக்கு வந்து, அவளையும் அவள் அம்மாவையும் வரச்சொல்லி ஆளனுப்பினார்.

நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். களம் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

"புக்கு எங்க?"

அவள் தலையை நிமிர்த்தினாள். நேராக ஜன்னலைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. நான் நகரவில்லை. நகர்ந்திருந்தாலாவது ஒளிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"தொலஞ்சி போச்சி ஆண்டே."

"தொலஞ்சி போச்சா, வித்துட்டியா?"

அவள் அம்மா அங்கேயே, எல்லோர் எதிரிலும், அவள் முதுகில் இரண்டு கையாலும் அடித்தார். "எம் மானத்த வாங்கிட்டியேடி, எம் மானத்த வாங்கிட்டியேடி" என்று அடிக்கு ஒரு தடவை சொன்னார். நைனாதான் எழுந்து போய்த் தடுத்தார். புத்தகத்துக்கு உண்டானதையும் அவரே நூலகத்தில் கட்டிவிட்டார். அவருக்கு ஊரில் நல்ல பெயர் இன்னும் கூடியது.

மாலையில் என்னைக் கூப்பிட்டார். கையில் வெள்ளைத் தாள்.

"நீதான் முத்து முத்தா எழுதுவியே. நான் சொல்றத எழுது."

இன்னாருக்கு நான் அளித்த ஜாமீனை இன்று முதல் விலக்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். இனி அவர் எடுக்கும் புத்தகங்களுக்கு நான் பொறுப்பல்ல என்று எழுதினேன். நைனா 'நம்பிக்கைக்குரியவர் அல்ல' என்றும் சேர்க்கச் சொன்னார். கொஞ்சம் யோசித்தேன். யோசித்தது எதற்கென்றால், 'நம்பகத்தன்மை அற்றவர்' என்று போட்டால் இன்னும் நன்றாயிருக்குமே என்று. அப்படியே போட்டேன். நைனா கீழே கையெழுத்திட்டார். என் எழுத்து நடையை முதன்முதலில் பாராட்டியவர் அவர்தான்.

அவள் உறுப்பினர் சீட்டு ரத்தானது. முன்கூடத்தில் உட்கார்ந்து படிக்க யாரும் தடை சொல்லவில்லை. ஆனால் அவள் அம்மா அவளை அந்தப் பக்கமே விடவில்லை. அந்தப் பரீட்சையை எழுதினாளா என்று நான் விசாரிக்கவில்லை. பிளஸ் டூ பாஸ் பண்ணினேன், காலேஜ் போனேன், டீச்சரானேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். நன்றாகவே கற்றுக்கொடுத்தேன்.

வெளியூர்ப் பள்ளிகளில் சுற்றிவிட்டு உத்திரமேரூருக்கு மாற்றலாகி வந்த வருஷம், நூலகத்துக்குள் நுழைந்தபோது அவள் துடைப்பத்தோடு எதிரே வந்தாள். "வாங்க டீச்சரம்மா" என்றாள். கல்யாணமாகி, புருஷன் போய், மகனை வளர்க்க இந்த வேலையில் சேர்ந்திருக்கிறாள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கும் என்று நூலகருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தூசி தட்டும்போது நாலு பக்கம் படித்துவிட்டுத்தான் திரும்ப வைப்பாள் என்று அந்தப் பெண் நூலகர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அங்கே போய்வந்தேன். பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன், அவள் பேரப்பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். கொடுத்ததெல்லாம் பேசாமல் வாங்கிக்கொண்டாள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.

இந்த ஆடி மாதம் மூன்று நாள் மூட்டை ரூமில் உட்கார்ந்தேன். அவள்தான் மேல்தட்டிலிருந்து கட்டுகளை இறக்கிக் கொடுத்தாள். எந்தத் தூண் சாய்ந்து முட்டுக் கொடுத்தார்கள், எந்த வருஷ மழையில் எந்தப் பக்கம் ஒழுகியது, பழைய கதவை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் பிற்பகல் நூலகர் சாப்பிடப் போயிருந்தார். நான் நாலாவது கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தேடுறீங்க டீச்சரம்மா?" என்றாள். "கட்டடத்துப் பேப்பருலாம் மொத நாளே எட்த்துக் குட்த்துட்டேனே. நீங்க பாக்கறது மெம்பருங்க கட்டு."

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. வழக்கமாக எனக்குச் சரளமாக வரும். அன்று வரவில்லை.

"ஒரு லெட்டர்" என்றேன்.

"ஒங்க நைனா குட்த்ததா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அது இல்ல. நான் வேலைக்கி வந்த வர்சம் செல்லு புட்ச்ச கட்டுங்கள தொட்டியாண்ட போட்டு கொளுத்தச் சொன்னாங்க. கொளுத்தசொல்ல பாத்தேன். ஒங்க கையெய்த்துதான். அய்கா இருந்துச்சி." கட்டுக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள். "நெருப்புல போட்டுட்டேன்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றிருந்தது. கடிதமும் இல்லை, சாட்சியும் இல்லை, எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அந்த நிம்மதியை எனக்கு ஏற்கெனவே தெரியும். பதினேழு வயதில் எருக்குழியின் ஓரத்தில் வந்தது அதுவேதான். அது தெரிந்ததும் எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.

"அந்தப் புத்தகத்தை நான்தான் தொலைச்சேன்" என்றேன். தொட்டி, கரண்ட், எருக்குழி எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலில் நின்றதைச் சொன்னேன். தபால் கார்டைக் கிழித்ததைச் சொன்னேன். கடைசியில், "என்னை மன்னிச்சிடு" என்றேன். அழுகை வந்தது. டீச்சர் அழுதால் எதிரில் இருப்பவர்கள் பதறுவார்கள். அவள் பதறவில்லை.

"என்னாண்ட இன்னாத்துக்கு சொல்றீங்க?" என்றாள். "எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. டிக்கெட்ட ஒங்க கைல குட்த்தவளே நான்தான."

கட்டைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாக்குத்தான் தெரியாது. நான் வூட்ல எத்தினி வாட்டி சொன்னேன். நம்பல. ஆண்ட வூட்டுப் பொண்ணு அப்டி செய்யாது, நீதான் வித்துத் துன்ட்டன்னு சொல்லிச்சி. எனக்கு புள்ள பொறந்தப்பறமும் அதேதான் பேச்சி. கடசில செங்கல்பட்டு ஆஸ்பத்திரில கெடக்கசொல்ல கூட கேட்டுச்சி. 'அந்த புக்க இன்னாடி பண்ண, இப்பவாச்சும் சொல்லேன்'னு."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இன்னா சொல்றது? வித்துட்டேம்மான்னு சொன்னேன். நெசத்த சொன்னாத்தான் அது நம்பாதே." கீழே கிடந்த கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிச் சுருட்டினாள். "போனாப் போவுது வுடுன்னு என் தலயத் தடவுச்சி. மறாநாளு போய்டுச்சி."

களத்தில் அன்று மகளை அடித்ததற்குப் பிறகும் அந்த அம்மா பதினெட்டு வருஷம் எங்கள் கழனியில் வேலை செய்தார். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நடவு நேரமாக இருந்தால் வரப்பில் டீத்தூக்கை எடுத்துக்கொண்டு போவது நான்தான். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, "எம் பொண்ணுக்கு ஒன்னாட்டம் புத்தியில்லாம போச்சே தாயி" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் அடுத்தவருக்கு டீ ஊற்றப் போய்விடுவேன்.